ஒன்பதாம் கல்லின் காலைத் தண்ணீர்

சேலையூர்,
5 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அரி அண்ணாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. உங்கள் ஒன்பதாம் கல் ஏரித் தண்ணீர் பாட்டில், மத்தியானம் அந்தப் பக்கம் வந்த நடைக்காரர்கள் கைமாறி, சாயங்காலம் எங்கள் பள்ளி லேபுக்கு வந்து சேர்ந்தது. கரைந்த ஆக்சிஜன் 11.2! தாம்பரத்திலிருந்து சிறுசேரி தாண்டிக் கடற்கரை வரை நம் நடைவழியில், கல்லுக்கு ஒன்றாகப் பதினான்கு ஏரி இருக்கிறது. மற்றதெல்லாம் நாலிலும் ஐந்திலும் இழுத்துக்கொண்டிருக்க, உங்கள் ஏரி மட்டும் மார்தட்டி நிற்கிறது.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கூட்டத்தில் பட்டியலைக் கொடுக்க வேண்டும். நாலுக்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சுத் திணறும். அந்த ஏரிக்கரையில் லாரி ஏறாதபடி கேட் போடுவதாக அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக இருக்கும் ஏரியை மூன்று வருஷத்துக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

குரூப்பில் போட்டால் நூற்று நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதனால்தான் பாட்டில் பையில் கடிதம். நீங்களும் வெறும் அளவுச் சீட்டை மட்டும் அனுப்பாமல் நாலு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

தங்கை,
கோகிலவாணி

கோவிலம்பாக்கம்,
12 ஜனவரி 2025

அன்புள்ள டீச்சருக்கு,

பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊர் ஏரி சோடை போகுமா? நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நீங்கள் நம்பர் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லாரும் சுகம். தம்பி முகிலன் இரண்டாவது கழிவுநீர் லாரி எடுத்துவிட்டான். நாவலூர் அபார்ட்மெண்ட்காரர்கள் அவனை உட்கார விடுவதில்லை. அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கரும்பைப் பாட்டில் பையில் வைத்து அனுப்ப முடியாது.

இந்த வாரச் சீட்டு: நேரம் காலை 6.00. தண்ணீர்ச் சூடு 31 டிகிரி.

உங்கள்,
அரிகிருஷ்ணன்

சேலையூர்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அரி அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. வந்திருந்தால் சர்க்கரைப் பொங்கல் வாயில் இருக்கும்போதே இதைக் கேட்டிருப்பேன். கடிதமே நல்லது.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எங்கள் ஏரியில் தெர்மாமீட்டரை விட்டேன். 25 டிகிரி. தை மாதப் பனியில் உங்கள் ஏரி மட்டும் எப்படி அண்ணா 31 டிகிரிக்குக் கொதிக்கும்? அது பதினோரு மணித் தண்ணீர்.

பச்சைப் பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கொட்டும். இருட்டினால் அதுவே தின்று தீர்க்கும். கழிவு விழுகிற ஏரி பதினோரு மணிக்குப் பயில்வான், விடிகாலையில் ஆஸ்பத்திரிக் கேஸ். அதனால்தான் ஆறு மணி என்று விதி வைத்தோம். நீங்களும்தான் கை தூக்கினீர்கள்.

நேரத்தில் பொய் எழுதிவிட்டு, சூட்டை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். சாட்சிக் கட்டத்தில் வாராவாரம் வெறும் கோடு. பொய்க்கும் பழக்கம் வேண்டும் அண்ணா. உங்களுக்கு அது போதாது. எனக்கு நிஜமாகவே கோபம்தான்.

பட்டியலில் ஒன்பதாம் கல்லுக்கு நேரே காலியாக விட்டிருக்கிறேன்.

கோகிலவாணி

கோவிலம்பாக்கம்,
26 ஜனவரி 2025

டீச்சருக்கு,

கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை.

விடிகாலையில் கரையில் நிற்க முடியாது. நாறும். முகிலனின் லாரி அங்கேதான் கொட்டுகிறது. பெருங்குடி சுத்திகரிப்பு நிலையம் வரை போய்வர டீசல் கட்டுப்படியாகவில்லையாம். அண்ணன் ஏரியைக் காவல் காக்கிறேன், தம்பி ஏரியில் கொட்டுகிறான். ஊரில் சிரிக்க மாட்டார்களா? பதினோரு மணிக்குப் போனால் வாடை அடங்கி, பச்சைப்பசேல் என்று பார்க்க நன்றாயிருந்தது. அதையே பாட்டிலில் பிடித்தேன்.

அவனிடம் கேட்டேன். "இன்னாண்ணா, சொந்த வூட்டு மேலயே எய்திக் குடுப்பியா? ஊர்ல யாரு கொட்டல?" என்றான்.

வேறு யாரையாவது ஒன்பதாம் கல்லுக்குப் போடுங்கள். ஆக்சிஜன் பார்க்கும் மருந்துப் பெட்டியையும் அதன் சாவியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

அரிகிருஷ்ணன்

சேலையூர்,
30 ஜனவரி 2025

அன்புள்ள அரி அண்ணாவுக்கு,

சாவியும் பெட்டியும் திரும்பி வருகின்றன. கூடவே காலி பாட்டில் ஒன்று. கழுவிக் காயவைத்தது.

நான் ஆட்டோ பிடித்து வந்து பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவேன். அப்புறம் என்ன சொல்வார்கள்? தாம்பரத்து டீச்சருக்கு நம் ஊர்மேல் என்ன காய்ச்சல் என்பார்கள். நீங்கள் எடுத்தால் அது உங்கள் ஏரி சொல்வது.

முகிலன் உங்களோடு பேசாமல் போகலாம். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 31 என்று மறைக்காமல் எழுதிய கையை எனக்குத் தெரியும். அந்தக் கை எடுக்கும் என்று நம்பித்தான் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். வேறு ஆள் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி.

உங்கள் தங்கை,
கோகிலவாணி

கோவிலம்பாக்கம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள டீச்சருக்கு,

எடுத்துவிட்டேன்.

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். "இன்னாடா, ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசல?" என்று கேட்டார். சொன்னேன். "காலைல என்னையும் இட்டுகினு போ" என்றார்.

கரையில் முகிலனின் லாரி நின்றிருந்தது. நான் தண்ணீரை முகந்து முதல் இரண்டு மருந்தையும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும்; பதினோரு மணித் தண்ணீரில் பொங்கிக்கொண்டு பழுப்பு இறங்கும். இன்றைக்குப் பழுப்பு வரவே இல்லை. "இன்னாடா வெள்ளையா கீது?" என்றார் அம்மா. "ஏரிக்கு மூச்சு இல்லம்மா" என்றேன். முகிலனும் அதைப் பார்த்தான். லாரியைத் திறக்காமல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருத்தம்தான். ஆனால் இன்றைக்குத்தான் நிம்மதியாக இட்லி இறங்கியது.

நம்பரை நீங்கள் லேபில் பாருங்கள். கேட் போட வரும்போது கூட நிற்க நான் இருக்கிறேன். கட்டத்தை நிரப்புங்கள்.

சீட்டு:
நேரம் காலை 6.05.
தண்ணீர்ச் சூடு 25 டிகிரி.
எடுத்தவர்: அரிகிருஷ்ணன்.
சாட்சி: கிளியம்மாள், அரிகிருஷ்ணனுக்கும் முகிலனுக்கும் அம்மா.