வராதே என்ற குஷன்

அம்மா, உங்கள் பாதம் பிடித்து வணங்குகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? தார் எஸ் சலாமில் நான் நலம்.

நீங்கள் இடுப்பில் சுற்றிக் கழற்றித் தந்த காங்காத் துணியை வெட்டி, அறை நாற்காலிக்குக் குஷன் உறை தைத்தேன். ஓரத்தில் அச்சடித்திருந்த ‘வம்போடு என் வீட்டுக்கு வராதே’ என்ற வரியில் முதல் சொல் வெட்டுப்பட்டதைக் கவனிக்கவில்லை. உட்கார வந்த வீட்டுக்காரம்மா நஸ்ரா படித்துவிட்டுக் குதித்தார்: “ஏண்டி மொஸா, என் வீட்டுலயே இருந்துக்கிட்டு என்னையே வராதேங்கிறியா? காலி பண்ணு!”

விடுவேனா? தையலைப் பிரித்து, விடுபட்ட சொல்லை ஒட்டுப்போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். இப்போது தனக்கும் நான்கு உறை வேண்டுமாம்.

அதே வரி அச்சடித்த, அந்தக் காங்காவின் ஜோடித் துண்டு உங்களிடம்தானே இருக்கிறது? அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை இருக்கட்டும். நம் சுவாஹிலியில் ‘வராதே’ என்பது ‘usije’ அல்லவா, நடுவே ‘si’ என்ற இரண்டெழுத்தை வெட்டினால் ‘uje’, அதாவது ‘வா’ ஆகிவிடுமே! அந்தக் குஷன் நீங்கள் இங்கே வந்து உட்கார.

நம் ஊருக்குக் கிளம்பும் பஸ்காரர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார்.

மொஸா