அரக்கன் இடும்பவாயனுக்குக் கொடுமைத் தரம் இட்டு விடுத்த ஓலை

மழை தவறாத பொழில்நாட்டின் வேந்தரும், பகைவர் புறங்கண்டு பழகிய கண்ணினரும், விருந்தினர் முகங்கண்டு மகிழும் மனத்தினருமாகிய மாமன்னர் வழுதிச்சேந்தனாரின் திருமுன்னர், கொடுமைத் தரம் காணும் அதிகாரி பெருங்கொற்றன் ஏழு கடலுக்கு அப்பாலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடையும் கோட்டையும் குறைவின்றி விளங்குக. ஏழு கடல் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். கடந்தவன் சொல்கிறேன், கடல் நான்குதான், மற்றவை உப்பளம். ஆயினும் நான்கிலும் வாந்தி எடுத்தேன் என்பதைத் திருவுள்ளம் அறிக.

தங்கள் திருமகளார் நன்முகையைத் தூக்கிச் சென்ற அரக்கன் இடும்பவாயனின் உயிர் ஒரு பச்சைக்கிளிக்குள் இருப்பதும், அக்கிளியின் கழுத்தைத் திருகி இளவரசியாரை மணந்துகொள்ளத் தங்கள் தமக்கையார் மைந்தர் செருவேலர் என்னோடு வந்திருப்பதும் தாங்கள் அறிந்தவையே. தரம் இடாமல் எவர் உயிரையும் எடுத்தல் நம் நாட்டு முறையன்று. சுண்டைக்காய்த் தரமாயின் கண்டித்து விடுதலும், பாகற்காய்த் தரமாயின் துன்புற்றவர் சொல்லும் ஏவலைச் செய்வித்தலும், எட்டிக்காய்த் தரமாயின் கொல்லுதலும் வழக்கம். கிளிக்கூண்டைக் கைப்பற்றிக்கொண்ட செருவேலரோ, "பாத்தாலே தெரியலையா, எட்டிக்காய்னு எழுதும்" என்று நாள்தோறும் என்னை நச்சரித்தார். மூன்றாம் நாள், உள்ளே உண்மையாகவே உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கிளியின் வால் இறகு ஒன்றைப் பிடுங்கினார். தோட்டத்தில் நின்றிருந்த அரக்கன் அலறி விழுந்தான். இவர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தை ஓலையில் எழுதுதல் தகாது.

அரக்கனை விசாரித்தேன். அரண்மனை ஆடுகள் நாற்பதைத் தின்றதை ஒப்புக்கொண்டான். மனிதரைத் தின்றதில்லை என்றும், ஒருமுறை ஒரு சோதிடரை வாயில் போட்டு, அவர் உள்ளேயும் ஓயாமல் பேசியதால் துப்பிவிட்டதாகவும் கூறினான். இளவரசியாரைத் தூக்கியது ஏன் என்று வினவியதற்கு, "அரக்கனாப் பொறந்துட்டு ஒரு இளவரசியக்கூடத் தூக்கலையான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்கய்யா" என்று சொல்லி அழுதான். தங்கள் புகாரில் பனைமர நீளம் என்று கண்ட கோரைப்பற்களை அளந்தேன். என் சுண்டுவிரல் நீளம்தான்; அதிலும் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது.

மனம் இளகி, சுண்டைக்காய் என்று எழுத எழுத்தாணியை எடுத்தேன். இளவரசியார் என் கையைப் பிடித்துவிட்டார். தம் விருப்பமின்றித் தூக்கிவந்து எட்டுத் திங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தது விளையாட்டன்று என்றும், அவன் அழுதுவிட்டால் அது நடவாததாக ஆகிவிடாது என்றும், அதற்காக அவனைக் கொல்வதையும் தாம் ஒப்பவில்லை என்றும், இதைத் தம்மிடம் கேட்க இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றும் கூறினார். நான் வெட்கப்பட்டேன். முப்பது ஆண்டுகளாகத் தரம் இடுகிறவன், துன்பப்பட்டவரை விட்டுவிட்டுப் பல்லை அளந்துகொண்டிருந்தேன்.

ஆகவே பாகற்காய் என்று எழுதினேன். செருவேலர் சினந்து கூண்டுக்குள் கையை விட்டார். கிளியின் கழுத்தில் அவர் விரல் பட்டதும் அரக்கனுக்கு மூச்சுத் திணறியது. எட்டிக்காயே தரம் என்று அவர் முழங்க, பலரும் மறந்துவிட்ட பழைய விதி ஒன்றை நான் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. தரத்தை வலியுறுத்துகிறவர் அந்தக் காயை ஒரு கடி கடித்து விழுங்கி உறுதி சொல்ல வேண்டும். தாம் அறியாத கசப்பைப் பிறர்க்கு விதித்தல் ஆகாது. எட்டிக்காயைக் கடித்துப் பிழைத்தவரை நான் கண்டதில்லை. நூறாண்டுகளாக நம் நாட்டில் எவரும் கொல்லப்படாததற்கு நம் இரக்கமே காரணம் என்று அயல்நாட்டார் புகழ்வதுண்டு. உண்மைக் காரணம் இதுதான்.

காயைத் தட்டில் வைத்து நீட்டினேன். செருவேலர் அதனை நெடுநேரம் பார்த்தார். பின்பு, "புகார் மாமாவோடதுதானே? அவரே வந்து கடிக்கட்டும்" என்று சொல்லிக் கூண்டைக் கீழே வைத்துவிட்டார்.

நானும் இளவரசியாரும் பச்சைப் பாகற்காயை ஆளுக்கொரு கடி கடித்துத் தரத்தை உறுதிசெய்தோம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இளவரசியார் சொன்ன ஏவல் இது: தூக்கிவந்த அதே தோளில் அரக்கன் தம்மைச் சுமந்து வந்து, வழியிலுள்ள ஊர்தோறும் இறக்கி, செய்தது தவறு என்று உரக்கச் சொல்ல வேண்டும். புறப்பட்டுவிட்டார்கள். கூண்டு இளவரசியார் மடியில் இருக்கிறது. திருமணப் பேச்சை நிறுத்திவைக்குமாறும் அவர் பணிவோடு வேண்டிக்கொள்கிறார். செருவேலர் பின்னால் நடந்து வருகிறார்.

இத்தரம் போதாது, எட்டிக்காயே வேண்டும் என்பது திருவுள்ளமாயின், முற்றிய காய் ஒன்றை இவ்வோலையின் கயிற்றிலேயே கட்டி அனுப்பியிருக்கிறேன். புகார் கொடுத்தவர் தாங்கள். தாங்கள் கடித்து விழுங்கிய பின்னர் தங்கள் ஆணைப்படியே நடக்கும்.

அதுகாறும் கிளிக்கு நாள்தோறும் ஒரு கொய்யாப்பழம் குறையாது வைக்கப்படுவதாக. தரம் காண் அதிகாரியின் ஆணை இது, முத்திரையும் இதுவே.