அரண்மனைப் புடவையைப் பார்த்த கண்

நேற்று சாலைக் கடைவீதியில் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை உன்னிடம்தான் சொல்ல முடியும். யுத்தத் துணிப் பஞ்சத்தில் அபூர்வமாக தங்க ஜரிகைக் கரை போட்ட ஒரு கசவுப் புடவை ஜவுளிக் கடையில் பிரித்துப் போட்டிருந்தது. அதற்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைக்காரர் இருமினார். "மாமி, துணி வேணுமா, இல்ல மணம் மட்டும் போதுமா?" நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா? விலை அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் விலையே சொல்லவில்லை என்பது தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தது.

கஞ்சி போட்ட கோடித் துணியில் தாழம்பூ வைத்த அந்த வாசனை உன்னுடையது. அரண்மனைப் பெண்ணின் கல்யாணப் புடவைக்கு முந்தானைக் குஞ்சம் முடிய உன்னைக் கூப்பிட்டார்களே, அந்த ஒரு மாதமும் இந்த வாசனையோடுதான் நீ தெருவுக்குள் நுழைவாய். எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீடு, ஒரே வயது. உன் கோலத்தைவிட என் கோலம் நேராகவும் இருக்கும்.

நீயோ நாளுக்கொரு ரகசியமாகக் கிணற்றடியில் அவிழ்ப்பாய். "கத்திரியும் ஊசியும் அந்தத் துணியைத் தொடப்படாதாக்கும்" என்பாய் ஒரு நாள். மறுநாள், "ஜரிகைக்கு அடியில ஒரே ஒரு கறுப்பு நூல் ஓடறது, திருஷ்டிக்கு. வெளியில தெரியாது."

"எனக்கெதுக்குடீ இதெல்லாம்?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். நாலடி போய்த் திரும்பி, "எந்தப் பக்கத்துக் கரையில?" என்பேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, "வாடீ, உனக்குக் காட்டச் சொல்லி உத்தரவாயிருக்கு" என்று வந்து நின்றாய். என் கூறைப்புடவையையே உடுத்திக்கொண்டு கிளம்பினேன். அரண்மனையின் சிற்றறை ஒன்றில் வயதான வேலைக்காரி ஒருத்தி துணியை விரித்தாள். பாலாடை நிறம், உள்ளங்கை அகலத்துக்குத் தங்கம். "நன்னாயிட்டுப் பாரு அம்மாளே, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

பார்த்தேன். இது எனக்கு வராது, சரி. உன் விரலாவது இதில் படாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஜரிகை உருகும்படி பார்த்தேன். அந்தக் கிழவி துணியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உன் பக்கம் திரும்பித் தலையாட்டிவிட்டு மடித்து வைத்தாள். எனக்கு வெற்றிலை பாக்கு கிடைத்தது.

அதன்பின் இருபது வருஷம் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், "அரமனையிலேர்ந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினா" என்று ஆரம்பித்துவிடுவேன். பக்கத்து இலையில் உனக்குப் பாயசம் புரையேறும். என்னடீ என்றால், முந்திரி என்பாய்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் சொன்னாய். "கல்யாணப் பொண் உடுத்திக்கறதுக்கு முந்தி, பொறாமை பிடிச்ச கண்ணு ஒண்ணு அதைப் பார்த்துடணும். படவேண்டிய திருஷ்டியெல்லாம் அதோட கழிஞ்சுடுமாம். உங்க தெருவுல அப்படி யாராவது உண்டோன்னு அரமனையில கேட்டா." உனக்கு மூச்சு வாங்கியது. "நான் யோசிக்கவே இல்லடீ, உன் பேரைச் சொல்லிட்டேன்."

இரண்டு நாள் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. உனக்கு மிச்சமிருந்தது ஒரே வாரம் என்று தெரிந்திருந்தால் கோபத்தைக் குறைத்துக்கொண்டிருப்பேன். முழுக்க விட்டிருப்பேனா என்று சொல்வதற்கில்லை. மூன்றாம் நாள் கஞ்சியோடு வந்தேன்.

"கோபமா?"

"அந்தப் பொண்ணு சௌக்கியமா இருக்காளா?" என்றேன்.

"நாலு குழந்தைகளோட நன்னா இருக்கா. உன் கண்ணு நல்ல கண்ணுடீ."

நீ போன பிறகு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் பொறாமைக்காரிகளுக்கா குறைவு? ஆனாலும் அரண்மனைக் காரியத்துக்கு ஆனது என் பொறாமைதான், நீ பொறுக்கியெடுத்தது என்னைத்தான் என்று நேற்றுவரை நிமிர்ந்தே நடந்தேன்.

இன்று காலை எதிர்வீட்டு மாமி வந்தாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது.

"பாவம், தங்கமான மனசு. அந்தக் கல்யாணப் புடவையைப் பார்க்க அவ முதல்ல வந்து கூப்பிட்டது என்னையாக்கும்" என்றாள். "நான் அன்னிக்கு நாகர்கோவில் கிளம்பிண்டிருந்தேன், போக முடியல."