நிற்காமல் ஜெயித்த தேர்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? லாஸ் ஏஞ்சல்ஸில் நான் நலம். தட்டு கழுவிக் கழுவிக் கைகளுக்கு மட்டும் வயதாகிவிட்டது.

நேற்று ஃபிதென்சியோ மாமா போன் செய்தார். "டேய் நபோர், ஊர்க்கூட்டத்துல எல்லாரும் கை தூக்கி உன்னையே ஊர்க்காவலுக்குத் தேர்ந்தெடுத்துட்டோம். ஒரு வருஷம், சம்பளம் கிடையாது. கிளம்பி வா!"

"நான் தேர்தல்ல நிக்கவே இல்லியே மாமா!"

"நம்ம ஊர்ல எவன்டா நின்னான்? ஊர்ல இல்லாதவன்தான் மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அறைக்கூட்டாளிகள் எனக்கு சல்யூட் அடித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காகிதம் இல்லாத நான் ஊருக்கு வந்தால், மறுபடி எல்லை தாண்டி இங்கே வர முடியாது. காவலுக்கு ஆள் வராவிட்டால் நம் வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம்.

"அம்மாவக் கேட்டீங்களா?"

"பொம்பளைங்க கூட்டத்துல கை தூக்க முடியாதுடா. ஆனா நீ வர்ற வரைக்கும் உனக்குப் பதிலா காவலுக்கு வரலாம். திங்கக்கிழமையிலேருந்து அக்காதான் தடியத் தூக்கிட்டு ரோந்து போவுது."

ஏனம்மா சொல்லவில்லை? நம் ஊர் ஒஹாகா மலையில் இப்போது குளிராயிற்றே. மிளகாய் வற்றல் கேட்டேனே, அனுப்ப வேண்டாம். அலைய வேண்டாம். ரோந்துக்கு நான் வீட்டில் விட்டுவந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். கை நீளமாக இருக்கும், மடித்துவிடு. இங்கிருந்து வேறென்ன சொல்ல? முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்,
நபோர்