பஞ்சமத்திலிருந்து ஸா வரை

ஜூன் 3, செவ்வாய்

பால் இரண்டு. சலவைக்குப் போட்டது ஏழு. ஜபம் நூற்றெட்டு. கணக்கு சரி.

நாத்தனார் இன்று சிதாரை உறையிலிருந்து வெளியே எடுத்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதமாகிறது. தந்தியை அழுத்தி இழுக்கிற விரல் அதுதான். இருபத்தெட்டாம் தேதி கச்சேரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டாளாம். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"டாக்டருக்கு சிதார் வாசிக்கத் தெரியாது" என்றாள்.

பிறகு சமையலறைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னாள். "இதுல முடியலைன்னா வாத்தியத்தை யாருக்காவது கொடுத்துடுவேன் அண்ணி. வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஆகாது."

துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

நாத்தனாருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிற பெண் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள். பெட்டிக்குள் தானாக ஓடுகிற மின்சாரத் தம்பூரா நாத்தனாருக்கு ஆகாது. "ஃப்ரிட்ஜ் பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள்.

"அண்ணி, நீங்க மீட்டுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"சுருதி கொஞ்சம் விலகினாலும் கரண்டியோட வாசப்படில வந்து நிப்பீங்களே. இருபது வருஷமா பாக்கறேன்."

உண்மைதான். யாரும் சொல்லித்தரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காது தானே கற்றுக்கொண்டது. எழுதப் படிக்கவும் அப்படித்தான் கற்றேன், மளிகை மடித்து வந்த காகிதங்களில்.

நாலு தந்தி. ப, ஸா, ஸா, அடியில் இன்னொரு ஸா. அவ்வளவுதான். சாமி, இதைக்கூடவா செய்யமாட்டேன்?

ஜூன் 11, புதன்

செய்யமாட்டேன் போலிருக்கிறது.

தபலாக்காரர் இன்று ஒத்திகைக்கு வந்தார். வாய் ஓயாத மனிதர். சின்னச் சுத்தியலால் தபலாவின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கும்போதும் பேச்சு நிற்கவில்லை. அவர் வாசிக்க ஆரம்பித்ததும் என் விரல் அவரோடு போய்விட்டது. அவர் தாளத்தின் பதினாறு மாத்திரைக்கு என் நாலு தந்தியும் சரியாக நாலு சுற்று. மிச்சமில்லை, குறையில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

நாத்தனார் வாசிப்பதை நிறுத்தினாள். "அண்ணி, தாளத்துக்கு மீட்டறீங்க."

"ஆமா. சரியாத்தானே வருது?"

தபலாக்காரர் சிரித்தார். "அப்ப எனக்கு இங்க வேலையில்லை. நான் கிளம்பட்டுமாம்மா?"

தம்பூரா தாளத்தோடு சேரவே கூடாதாம். "நாங்கதான் ஓடணும் அண்ணி. அது ஓடக்கூடாது. அது நாங்க ஓடற தரை."

எண்ணாமல் ஒரு காரியத்தை எப்படிச் செய்வது? துணி மடிக்கும்போதும் எண்ணுகிறவள் நான். சாமி பெயரையே எண்ணித்தானே சொல்கிறேன்!

ஜூன் 14, சனி

இன்றும் தாளத்தில் விழுந்தேன். நாலு தடவை.

ஜூன் 20, வெள்ளி

தபலாக்காரர் கேட்டார்: "ஏம்மா, நீங்க மூச்சு விடறப்போ என் கையைப் பாத்துக்கிட்டா விடறீங்க?" வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு போன போக்கில் மீட்டிப் பார்த்தேன். தாளம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, என்னை இழுக்கவில்லை. நாத்தனார் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தாததே பெரிசு.

ஆனால் அவள் விரல்—

கச்சேரிக்கு எடுத்திருக்கிற ராகத்தில் ஓர் இழுப்பு இருக்கிறது. சிதார்த் தண்டின் குறுக்கே வரிசையாக இருக்கிற பித்தளை மெட்டுகளில் ப-வின் மெட்டில் விரலை வைத்து, தந்தியைத் தட்டி, விரலை எடுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகவேண்டும். ப, த, நி, ஸா. ஒரே தட்டில், ஒரே மெட்டில் நாலு ஸ்வரம். அது இல்லாவிட்டால் ராகத்துக்கு முகமே இல்லை என்கிறாள். இன்று பதினோரு தடவை முயன்றாள். பதினோரு தடவையும் நி-யோடு சரி.

"வலிக்குதா?"

"வலிச்சாக்கூடத் தேவலையே அண்ணி. அந்த இடத்துல விரலே இல்லாத மாதிரி இருக்கு."

எட்டு நாள்தான் இருக்கிறது. சாமியிடம் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு ஸா-வைக் கொடு.

ஜூன் 29, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை எழுதவேண்டும். எனக்கு எழுத வருமா தெரியவில்லை.

இருநூறு நாற்காலி, எல்லாம் நிறைந்திருந்தது. தம்பூராவோடு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது நாத்தனாரின் முதுகும் பின்னலும் இடது முழங்கையும்தான். தபலா இன்னும் தொடங்கவில்லை. சிதார் மட்டும் மெதுவாக, ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொட்டது. அந்த இழுப்பைத் தவிர்த்துத் தவிர்த்துச் சுற்றி வந்தாள். அப்புறம் தவிர்க்க வழியில்லாத இடம் வந்தது.

முழங்கை இறங்கியது. ப. த. நி.

அங்கே நின்றுவிட்டது. ஐயோ, போச்சு— அவ்வளவுதான் நினைத்தேன். நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை. அந்த நேரத்துக்கு என் விரல் இரண்டாவது தந்திக்கு வந்திருந்தது. ஸா.

உடனே மூன்றாவது. ஸா.

சபையில் யாரோ "ஆஹா" என்றார்கள். சிதார் அந்த ஸ்வரத்தை வாசிக்கவே இல்லை! சிதாரில் ஏறி, என் தம்பூராவில் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷ ஜபத்தில் ஒரு நாளும் இப்படி யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததில்லை.

நாத்தனாரின் முதுகு நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே இழுப்பு. இந்தத் தடவை நி-யில் வேண்டுமென்றே நின்றாள், நின்று காத்திருந்தாள். நான் அவசரப்படவில்லை. தன் முறை வரும்போது ஸா வந்தது. தபலாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கை தபலாவில் விழுந்ததும் வேறு உலகம். அவள் கலைத்துப் போடுவாள், அவர் துரத்துவார், தொலைந்தே போனார்கள் என்று நினைக்கும்போது இரண்டு பேரும் ஒரே அடியில் வந்து விழுவார்கள். மண்டபமே ஒருதரம் மூச்சை விடும். அந்த ஓட்டமெல்லாம் என் நாலு தந்தியின் மேலே! இவ்வளவு பெரியதைத் தாங்க என் கையைக் கேட்டார்களே.

திரும்பி வரும்போது காரில் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நி-லயே நின்னுட்டேன் அண்ணி."

"தெரியும்."

"யாருக்கும் தெரியலை."

"சாமிக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா பரவாயில்லை. தபலாக்காரருக்குத் தெரிஞ்சிருச்சே, ஊர் பூரா சொல்லிடுவார்." சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜூலை 1, செவ்வாய்

சிதார் கூடத்திலேயே இருக்கிறது. யாருக்கும் கொடுக்கிற பேச்சில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கேட்டேன். ப, த, நி, ஸா. முழுசாக, ஒரு பிசிறில்லாமல். ஈரத்துணியோடு ஓடினேன். நாத்தனார் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டிடுச்சு அண்ணி!"

மாலையில் தபலாக்காரர் வந்தார். அடுத்த மாதக் கச்சேரிக்கு ஒத்திகை. அந்த இழுப்பு வந்தது. ப. த. நி. அங்கே நின்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை நின்றுவிட்டது. "என்னாச்சு? காலைல எட்டிச்சே!"

"இப்பவும் எட்டும்."

"அப்புறம் ஏன் நின்னுட்டே?"

"அது உங்க இடம் அண்ணி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "மீட்டுங்க. காத்திருக்கோம்ல."