சைக்கிளில் ஓடிய உலக யுத்தம்

3 ஆகஸ்ட் 1990, கொக்குவில்

ஈராக் குவைத்துக்குள் புகுந்துவிட்டதாம். பக்கத்து வீட்டு இராசநாயகம் அண்ணை வேலியால் கூப்பிட்டுச் சொன்னார். சொன்ன விதம்தான் பொறுக்கவில்லை. கோயிலில் கொடியேறிவிட்டது என்று சொல்வதுபோல, "பிள்ளை, மூண்டாம் உலக யுத்தம் துவங்கியிட்டுது!"

என் கணவர் கதிரவேலு குவைத்தில்தான் லொறி ஓட்டுகிறார். அது அண்ணைக்கும் தெரியும். அடுப்பில் சோறு குழைந்து போயிற்று.

5 ஆகஸ்ட்

கரண்ட் இல்லை. பற்றரியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர அரசாங்கத்தின் தடை. ரேடியோ இருப்பது இராசநாயகம் அண்ணையிடம். டைனமோ உள்ள நல்ல சைக்கிள் இருப்பது என்னிடம், இவர் விட்டுப்போன சைக்கிள். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவிலிருந்து வயர் வழியே ரேடியோவுக்கு உயிர் வரும். கை நின்றால் ரேடியோவும் நிற்கும்.

பின்னேரமானால் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைத் தெருவின் ஆண்கள் முழுப்பேரும் அண்ணை வீட்டு முன் விறாந்தையில். பெண்கள் வெளியே, வேலிவாசல் படலையடியில் நிற்கவேண்டும். சைக்கிள் என்னுடையது, நான் படலையடியில்!

11 ஆகஸ்ட்

காலையில் அரசாங்கத்தின் பொம்பர் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு இருந்த இடம் தெரியவில்லை. பின்னேரம் ரேடியோவில் லண்டன் தமிழ்ச் செய்தியில் எங்களுக்கு ஒரேயொரு வரி. மற்றதெல்லாம் எண்ணெய், எண்ணெய், எண்ணெய். இங்கே விளக்கேற்ற ஒரு சொட்டு மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைகிறோம். அதுவும் எண்ணெய்தானே?

விறாந்தையில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரியும் கேட்கவில்லை. அமெரிக்கக் கப்பல்களின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

19 ஆகஸ்ட்

கோபம் இன்னும் ஆறவில்லை.

"குவைத்திலுள்ள இலங்கைத் தொழிலாளர்கள்" என்று செய்தி வாசிப்பவர் தொடங்கினார். நான் படலைக்கு மேலால் எட்டிக் காதைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பெடல் சுற்றிக்கொண்டிருந்த முன்வீட்டு நமசிவாயம், ஈராக்கிடம் எத்தனை டாங்கி இருக்கிறதென்று காட்ட இரண்டு கையையும் தூக்கினான். ரேடியோ செத்தது. திரும்ப உயிர் வந்தபோது வேறு ஏதோ செய்தி.

"என்ன சொன்னவங்கள்? ஆராவது கேட்டனியளோ?"

இராசநாயகம் அண்ணை சிரித்தார். "அது சின்ன விசயம் பிள்ளை. சண்டை எப்ப துவங்கும் எண்டதெல்லோ விசயம்."

சின்ன விசயமாம்! என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டது சின்ன விசயமாம்!

படலையைத் தள்ளிக்கொண்டு போய், வயரைப் பிடுங்கி, சைக்கிளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

20 ஆகஸ்ட்

அமெரிக்கப் படை எங்கே நிற்கிறதென்று தெரியாமல் ஒழுங்கை வாடுகிறது. வாடட்டும்.

22 ஆகஸ்ட்

அண்ணையின் மனைவி மீனாம்பிகை அக்கா ஓலைக் கடகத்தோடு வந்தார். மேலே முருங்கையிலை, அடியில் ரேடியோ.

"அவர் கோயிலுக்குப் போயிட்டார். வரமுன்னம் கெதியா சைக்கிளைக் கவிழ் பிள்ளை."

அவரே இருந்து சுற்றினார். ஒரு கணமும் நிறுத்தவில்லை. ஜோர்தான் எல்லைப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான இலங்கையர் கூடாரங்களில் இருக்கிறார்களாம். தண்ணீருக்கு ஒருவரோடொருவர் அடிபடுகிறார்களாம். அதற்குள் இவரும் இருப்பாரோ? இருக்கவேண்டும்.

"கை நோகேல்லையோ அக்கா?"

"நொந்தால் நோகட்டும். நீ கேள்."

அப்போதுதான் அழுதேன்.

14 ஒக்ரோபர்

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் இவருடைய கடிதம்! ஜோர்தான் வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டார். "வாறன்" என்று எழுதியிருக்கிறார்.

வரவேண்டாம் என்று எழுதவா? கொழும்பில் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தாலே பொலிஸ் பிடிக்கிறதாம். இங்கே வந்தால் மேலிருந்து குண்டு விழுகிறது. யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிதனுக்கு வீடென்று இருப்பதும் இன்னொரு யுத்தத்துக்குள். இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

2 டிசம்பர்

வந்துவிட்டார். ரோட்டு மூடியிருப்பதால், கொம்படிக் கடல்நீரேரிச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து.

17 ஜனவரி 1991

அமெரிக்கா பக்தாத்தில் குண்டு போடத் தொடங்கிவிட்டது. இராசநாயகம் அண்ணை படலையில் வந்து நின்று செருமினார். பின்னால் ஒழுங்கை ஆண்கள்.

"தங்கச்சி, சைக்கிள்..."

"தாறன். பொம்பிளையளும் விறாந்தையிலை இருப்பினம். சம்மதமோ?"

"ஓம், ஓம், இருங்கோவன்."

பெடலை இவர்தான் சுற்றினார். விமானங்கள் அலை அலையாகப் போகின்றனவாம், வானம் முழுக்க வெளிச்சமாம். நமசிவாயம் கை தட்டினான். "அப்பிடிப் போடு!" என்றார் அண்ணை.

ரேடியோ நின்றது. இவர் கையை எடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி நிப்பாட்டினனீர்?"

"கீழை சனம் இருக்கு அண்ணை."

அண்ணை எழும்பி வந்து இவருக்குப் பக்கத்தில் இருந்தார். சின்ன வயதில், தகப்பன் வேலைபார்த்த மலேயாவில் யப்பான்காரன் குண்டு போட்டபோது தாயின் சேலையைக் கடித்துக்கொண்டு பதுங்கு கிடங்குக்குள் கிடந்ததை அண்ணை சொன்னார். முப்பது வருசம் கூட இருந்த மீனாம்பிகை அக்காவுக்கே அது புதுக் கதை.

18 ஜனவரி

இவர் காலையில் முற்றத்தில், குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இராசநாயகம் அண்ணை மண்வெட்டியோடு வந்தார். கேட்காமலே இறங்கி வெட்டினார். இரண்டு வீட்டுச் சனமும் இருக்கக் காணுமாப்போல அகலமாக வெட்டவேண்டும் என்றார்.

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் சீனி இல்லை. இருந்திருந்தாலும் இன்றைக்கே அண்ணைக்குப் போட்டிருப்பேனோ தெரியாது.