முறிகண்டியில் உடைத்த தேங்காய்

உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கதிரையில் யாரோ விட்டுப்போன, உங்கள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அச்சு மை இன்னும் மணக்கிறது. ‘வெற்றி துறந்து விநாயகன் தாள் பற்றிய வேள்’ என்று புலவர் உங்களைப் பாடியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில் பெண்சாதி சிரித்தாள் என்று ஊர் கதைக்குமே என்று குசினிக்குள் போய்ச் சிரித்தேன். வேளாம், வேள்! மழையில் நனைகிற விறகைத் தூக்கி உள்ளே போடத் தெரியாத வேள்.

புலவருக்கு என்ன தெரியும்? நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்குக் குடியேறி வந்தபோது அரசாங்கம் தந்தது காடு மண்டிய வயல்காணி. நீங்கள் கொண்டுவந்தது ஒரு மோட்டார் சைக்கிள். காணியை நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. சைக்கிளை மட்டும் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவதுபோல் தினமும் துடைப்பீர்கள். அந்த வருடம் காணிகளைப் பார்வையிடுகிற கொலனி ஓவசியர் படலையடியில் நின்று சொல்லிவிட்டுப் போனதை நான் உங்களிடம் வந்து சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, இந்த மாரிமழைக் காலபோகத்துக்குக் காடு வெட்டி விதைக்காட்டி, காணியை வேறை ஆக்களுக்குக் குடுத்துப்போடுவினமாம்.”

“போட்டி முடியட்டுமப்பா. இந்தமுறை வெற்றிக் கிண்ணம் எனக்குத்தான். அது கையிலை வந்த அண்டைக்கே சைக்கிளை வித்துப்போட்டு உன்னோடை வயலிலை இறங்குறன். பிள்ளையாராணை.”

நான் நம்பினேன். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை என்னைப்போல் அக்கறையாய்ப் பார்த்தவள் இந்த வன்னியிலேயே இருந்திருக்கமாட்டாள். கோடை முழுவதும் ஊர் ஊராய் ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புள்ளி. உங்களுக்குச் சரிக்குச் சரி நின்றவன் மரியதாஸ் ஒருவன்தான், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிற மீன் வியாபாரி. விடிய மீன் பெட்டி கட்டி விற்ற அதே சைக்கிளில், பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு ஓட வருவான். “மீன்காரன் என்னை முந்துறதோ?” என்று நீங்கள் மூக்கைப் பொத்திக்காட்டுவீர்கள். உழைக்கிறவனைப் பார்த்தால் உங்களுக்கு எப்போதும் நாற்றம்தான். விசுவமடுவில் அவன் முந்தினான். நெளுக்குளத்தில் நீங்கள் முந்தினீர்கள். கடைசி ஓட்டத்துக்கு வந்தபோது இருவருக்கும் புள்ளி ஒன்றாய் நின்றது. வானமும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஸ்கந்தபுரத்தில் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்த தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பிவர வேண்டும். அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஒரு வாகனமும் போகாது என்பதால், ஓட்டக்காரர் எல்லாருக்குமாகச் சேர்த்துக் காலையிலேயே பூசாரியைக்கொண்டு தேங்காய் உடைப்பித்துவிட்டார்கள். இனி ஒருவரும் நிற்கத் தேவையில்லை என்று பூசாரியே சொல்லிவிட்டார். நான் அயல் பெண்களோடு மாட்டுவண்டியில் வந்து கோயிலடி வீதியோரம் நின்றேன்.

முதலில் வந்தது நீங்கள். பின்னால் வெகுதூரத்தில்தான் மரியதாஸின் புழுதி தெரிந்தது. காணி தப்பியது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது உங்கள் சைக்கிளின் சத்தம் குறைந்தது. எஞ்சின்தான் பழுதாகிவிட்டதோ என்று பதறினேன். நீங்கள் ஆறுதலாய் இறங்கி, சைக்கிளைப் பாலைமரத்தில் சாத்தி, தோளிலிருந்த பையைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்தீர்கள். விடியச் சம்பலுக்கு உரித்து வைத்துவிட்டு நான் குசினி முழுக்கத் தேடிய தேங்காய். அதை உடைத்தீர்கள். திருநீறு பூசினீர்கள். காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினீர்கள்.

“என்ன பக்தியடா!” என்று சனம் வாய் பிளந்தது. ஒரு கிழவர் அழுதார். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நீங்கள் கண்ணைக்கூட மூடவில்லை. குந்தி எழும்பும்போதெல்லாம் ஓரக்கண்ணால் வீதியைப் பார்த்தீர்கள். மரியதாஸ் பீப்பாவைச் சுற்றித் திரும்பிப் போய் மறைந்தான். அதோடு உங்கள் தோப்புக்கரணமும் முடிந்தது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பது உங்களுக்காகவே சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து, “கிண்ணம் கிடைக்கேல்லைத்தானே? அடுத்த வருசம் பாப்பம்” என்றீர்கள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். வெட்டியதும் நான், எரித்ததும் நான், மழைக்குள் நின்று விதைத்ததும் நான். காணி தப்பியது. ஓவசியர் பார்க்க வந்தபோது மட்டும் நீங்கள் வரம்பில் ஏறி நின்று தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகும் வருடாவருடம் ஓடினீர்கள். ஒருமுறைகூட வெல்லவில்லை. கையில் வந்த கிண்ணத்தை எட்டி உதைத்தவனிடம் அது திரும்பி வருமா? காய்ச்சலில் படுக்கும்வரைக்கும் உங்களுக்கு ஊரில் பெயர் ‘பக்தர்’. அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்க உங்களுக்கு ஒருநாளும் கூச்சம் வரவில்லை.

இன்றைக்கு மரியதாஸும் வந்திருந்தான். பந்தியில் குந்தாமல் என்னைத் தேடிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான்.

“அக்கா, ஒண்டு கேக்கோணும். நிண்ட ஆளை முந்தித்தான் நான் கிண்ணம் எடுத்தனான். அது இண்டைக்கும் மனசுக்குள்ளை கிடந்து அரிக்குது. அண்ணை அண்டைக்கு உண்மையாப் பக்தியிலைதானே நிண்டவர்?”

உங்களைப்போல் பத்துப் பேரை விற்று அவனைப்போல் ஒருவனை வாங்கலாம். அவனுக்காவது உண்மையைச் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன்.

“ஓம் தம்பி, பக்திதான்” என்றேன்.

உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அங்கேயும் இருந்து பெருமைப்படாதீர்கள். நித்திரையில்கூடக் கையை முறுக்கி அந்தக் கிண்ணத்துக்காக ஓடியவர் நீங்கள். அதையே வேண்டாமென்று விட்டீர்கள், வென்றால் என்னோடு வயலில் இறங்க வேண்டிவரும் என்பதற்காக. எந்தப் பெண்சாதி இதைத் தன் வாயால் இன்னொருவருக்குச் சொல்லுவாள்? நீங்கள் பக்தராகவே இருங்கள்.